ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

நாடக மேடை: வாசகர் கேள்வியும் பதிலும்

மதுரைப் பக்கத்து ஊர்களில் அம்மன் கோவில் பொங்கலுக்குச் சாட்டியதுமே (நாள் குறித்து அறிவித்ததுமே) ஸ்பெஷல் நாடகத்துக்கு, அதாவது அந்த ஒரு ராத்திரிக்கென்று தனித்தனியாக ஆளை அமர்த்தி நடத்தும் நாடகத்துக்கு, தேதி பிடிக்கும் பேச்சு தொடங்கிவிடும். சம்பளம், அட்வான்ஸ், ஊருக்கும் நடிகருக்கும் நடுவில் பேசி முடிக்கும் ஏஜெண்ட் பற்றி வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். வழக்கம் நடிகர் சங்கத்துக்குச் சங்கம் கொஞ்சம் மாறும். கீழே வரும் தொகைகள் கணக்குப் புரிவதற்காகப் போட்டவை, நடப்பு ரேட் அல்ல.

மேலூர் வாசகி: ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷம்) போட வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஏஜெண்ட் போனில் "எவ்வளவும்மா எதிர்பார்க்கிறீங்க?" என்றதும் வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் மற்றவர்கள் வாங்கியதைக் கேட்டால் மனசு ஆறுவதில்லை.

தொகை சொல்வதற்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டியவை இருக்கின்றன. எந்த ஊர், என்ன விசேஷம், என்ன நாடகம், ராஜபார்ட் (கதாநாயகன்) யார், நாரதர் யார், ஆர்மோனியம் யார், வேன் உண்டா, பூவும் சாப்பாடும் யார் பொறுப்பு. இத்தனையும் கேட்ட பிறகு "அரை மணி நேரத்தில் சொல்றேன்ணே" என்று போனை வையுங்கள். போனிலேயே உடனே தொகை சொல்பவர் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறார்.

அந்த அரை மணியில் ஒரு கணக்குப் போடுங்கள். 3,500 ரூபாய் பேசி, செலவெல்லாம் உங்களுடையது என்று வையுங்கள். பஸ்ஸும் கடைசி நாலு கிலோமீட்டர் ஆட்டோவும் 250, மேக்கப் சாமான் 200, பூ 200, சேலை வெளுத்துத் தேய்க்க 150, ராத்திரிச் சாப்பாடும் காலைக் காப்பியும் 100. மொத்தம் 900 போய்க் கையில் நிற்பது 2,600. வேன், பூ, சாப்பாடு மூன்றையும் அவர்களே பார்த்துக்கொண்டு 3,000 கொடுத்தால் மேக்கப்பும் சலவையும் 350 போக 2,650 நிற்கும். சொல்லக் கேட்கும்போது 3,500 பெரிய தொகை, வீட்டுக்கு வரும்போது சின்னத் தொகை.

பூவைச் சில்லறை விஷயமாக நினைக்க வேண்டாம். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கு, பனியில் வரத்துக் குறையும் மார்கழி, தை மாதங்களிலும் முகூர்த்த நாட்களிலும் விலை எங்கேயோ போய் நிற்கும். வள்ளி வேஷத்துக்குத் தலை நிறையப் பூ வேண்டும். பேசும்போதே "பூச்செலவு ஊர் விழாக் கமிட்டி பொறுப்பு" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் விலை ஏற்றம் உங்கள் தலையில் விழாது.

இன்னொன்று. ஒரு ராத்திரி நாடகம் என்பது உங்களுக்கு ஒன்றரை நாள். சாயங்காலம் கிளம்பி, விடிய விடிய நின்று, மறுநாள் மத்தியானம் வரை தூங்கினால்தான் குரல் திரும்பும். அடுத்தடுத்து மூன்று ராத்திரி சேர்த்துக் கொடுத்தால் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதே ஊரில் தங்கி ஆடுவதென்றால் குறைக்கலாம், அலைச்சல் மிச்சம். நத்தம் ஒரு ராத்திரி, உசிலம்பட்டி மறு ராத்திரி என்றால் ஒரு ரூபாய்கூடக் குறைக்க நியாயமில்லை.

வாடிப்பட்டி வாசகர்: எதிரில் நடிப்பது யார் என்று ராஜபார்ட் கேட்பது திமிர் என்கிறார் எங்கள் ஊர்க் கமிட்டித் தலைவர். சரியா?

தப்பு. ஒத்திகை இல்லாமல், வெவ்வேறு ஊரிலிருந்து வந்து, மேடையிலேயே சந்தித்து நடத்துவதுதான் ஸ்பெஷல் நாடகம். வள்ளி திருமணத்தில் பாட்டும் பேச்சுமாக எதிரெதிரே வாதாடும் தர்க்கம் மட்டுமே மணிக்கணக்கில் போகும். எதிராளிக்குப் பாட்டும் பதிலும் தெரியாவிட்டால் அந்தப் பாரத்தையும் இவர் ஒருவரே சுமக்க வேண்டும். உழைப்பு இரட்டிப்பாகும்போது சம்பளமும் கூடும். அதனால்தான் கேட்கிறார். சுருதியையும் கேட்டுக்கொள்வது நல்லது. ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடுகிறவரும் அதற்கு எட்டாதவரும் சேர்ந்தால் யாராவது ஒருவர் தொண்டை மறுநாள் கட்டிக்கொள்ளும்.

திருமங்கலம் வாசகர்: ஏஜெண்ட் ஊரில் எவ்வளவு வாங்கினார் என்பதே எங்களுக்குத் தெரிவதில்லை. கேட்டால் கோபம் வருகிறது. எப்படிக் கேட்பது?

அந்தக் கேள்வியைக் கேட்காமலே உங்கள் காரியம் நடக்கும். ஏஜெண்ட் இரண்டு வகையில் பேசுவார். ஊரோடு மொத்தமாக ஒரு தொகை பேசி, நடிகர், பக்கவாத்தியம், சீன் திரை, வேன், நோட்டீஸ் எல்லாவற்றையும் அதற்குள் முடித்து மிச்சத்தைத் தன் கூலியாக வைத்துக்கொள்வது ஒன்று. ஒவ்வொருவர் சம்பளத்தையும் ஊருக்குச் சொல்லிவிட்டுத் தனக்குக் கமிஷன் வாங்குவது மற்றொன்று. மொத்தப் பேச்சு என்றால் லாபமும் நஷ்டமும் அவருடையது. அவர் எவ்வளவு வாங்கினார் என்பது நமக்குத் தேவையில்லை. ஆனால் ஊர் குறைத்துக் கொடுத்துவிட்டது என்று விடியற்காலையில் நம் சம்பளத்தில் கை வைக்கும் உரிமையும் அவருக்குக் கிடையாது.

ஆகவே கேட்க வேண்டியது: "மொத்தமா பேசியிருக்கீங்களா, கமிஷனா? என் சம்பளம் உங்க கையிலிருந்தா, கமிட்டி கையிலிருந்தா?" இதற்கு எந்த ஏஜெண்டும் கோபப்படுவதில்லை. "ஊர்ல வாங்கித் தர்றேன்" என்று மழுப்பினால், தர வேண்டிய பொறுப்பை யாரும் ஏற்கவில்லை என்று அர்த்தம். அட்வான்ஸைக் கூட்டிக் கேளுங்கள், இல்லையென்றால் தேதியைக் கொடுக்காதீர்கள்.

சிங்கம்புணரி வாசகர்: விடிந்து வேஷம் கலைத்த பிறகு பொருளாளரைத் தேடினால் ஆள் இல்லை. பாக்கிக்காக மூன்று முறை அந்த ஊருக்கு அலைந்தேன். பாதி நாடகத்தில் நிறுத்திவிட்டுக் கேட்கலாமா?

நிறுத்தக் கூடாது. நிறுத்திய நிமிஷத்தில் நியாயம் அவர்கள் பக்கம் போய்விடும். ஊரும் பேசும், சங்கத்தில் பிராது வந்தாலும் நடுவில் இறங்கியவரைத்தான் முதலில் கேட்பார்கள்.

தப்பு விடியற்காலையில் நடக்கவில்லை, தேதி பேசிய அன்றே நடந்துவிட்டது. எப்போது தருவார்கள் என்று பேசாமல் விட்டீர்கள். காலை ஆறு மணிக்குக் கமிட்டிக்காரர்களில் பாதிப்பேர் உறக்கத்தில், மீதிப்பேர் மைக்செட்காரரோடும் பந்தல்காரரோடும் வழக்கில் இருப்பார்கள். ஊரில் வசூலித்த வரிப்பணத்தில் என்ன மிச்சம் என்று அவர்களுக்கே அப்போதுதான் தெரியும். முதலில் வந்து நிற்பவருக்கு முழுசாகவும் கடைசியில் நிற்பவருக்குக் குறைவாகவும் போகும். வேஷம் கலைக்க ஒரு மணி நேரம் ஆகிறவர் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும்தான். அதனால் கடைசியில் நிற்பதும் அவர்களே.

மூன்று தவணையாகப் பேசுங்கள். தேதி உறுதியாகும்போது அட்வான்ஸ், வேஷம் கட்ட உட்காருமுன் பாக்கியில் பாதி, கடைசிக் கட்டத்துக்கு முன் மீதி. வள்ளி திருமணம் என்றால் கிழவன் வந்து யானை வருவதற்கு முன், அரிச்சந்திரா என்றால் மயான காண்டம் தொடங்குமுன் என்று சீனின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். "மூணு மணிக்கு" என்றால் நாடகம் தாமதமாகும்போது குழப்பம் வரும், சீன் பெயருக்கு அந்தக் குழப்பம் இல்லை. மேடையில் நிற்கிறவர் போய்க் கேட்க முடியாது, ஆகவே வாங்கி வைக்க ஒரு ஆளையும் சொல்லிவிடுங்கள். ஆர்மோனியக்காரரையே பொறுப்பாக்குவது பல செட்டுகளில் (நாடகக் குழுக்களில்) வழக்கம். அவர் விடியும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார்.

உசிலம்பட்டி வாசகி: சித்திரையில் ஒரு தேதிக்கு 500 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினேன். அதே ராத்திரிக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாக வேறு ஊர் கூப்பிடுகிறது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாமா?

போகக் கூடாது. 500 ரூபாய்தானே என்று பார்க்க வேண்டாம். உங்கள் படத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்திருப்பார்கள். வேறு முகம் மேடையேறினால் ஊர்க்காரர்கள் ஏஜெண்டின் சட்டையைப் பிடிப்பார்கள். வாய்வார்த்தையாகப் பேசினாலும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது ஒப்பந்தம்தான். உங்களால் ஏஜெண்டுக்கு உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்தை அவர் கேட்க முடியும்.

நிஜமாகவே உடம்பு முடியாமல் போனால் வேறு விஷயம். தெரிந்த உடனே போனில் சொல்லுங்கள், பிறகு அதையே எழுதியும் அனுப்புங்கள். அதே வேஷத்தை அதே தரத்தில் போடக்கூடிய இரண்டு பேரின் பெயரையாவது நீங்களே விசாரித்துச் சொல்லுங்கள். அட்வான்ஸை அன்றைக்கே திருப்புங்கள். சித்திரை, வைகாசியில் கடைசி நேரத்தில் ஆள் பிடித்தால் கூடுதல் கேட்பார்கள், அந்த வித்தியாசம் யாருடையது என்பதில்தான் சண்டை வரும். அட்வான்ஸ் வாங்கும்போதே "உடம்பு முடியாவிட்டால் அட்வான்ஸ் மட்டும் திரும்பும்" என்று பேசியிருந்தால் அந்தச் சண்டை இல்லை.

அலங்காநல்லூர் வாசகர்: மழை வந்தால், ஊரில் கேதம் (சாவு) விழுந்தால், போலீஸ் பன்னிரண்டு மணிக்கு நிறுத்தினால் சம்பளம் உண்டா?

இந்த மூன்றும் யார் தப்பும் இல்லாமல் வருபவை. அதனால் முன்கூட்டிப் பேசாவிட்டால் யார் உரக்கப் பேசுகிறாரோ அவர் ஜெயிப்பார். எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை வைத்துப் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

வீட்டிலிருந்து கிளம்புமுன் தகவல் வந்தால் அட்வான்ஸ் உங்களிடமே இருக்கும், அதே அட்வான்ஸில் வேறு தேதி. மாற்றுத் தேதி ஆடி முடிவதற்குள் என்று கெடு வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வருஷம் கழித்துப் பழைய ரேட்டில் கூப்பிடுவார்கள். ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு நின்றால் பாதிச் சம்பளமும் போக்குவரத்தும். மேடையேறிவிட்டால் முழுச் சம்பளம். கடைசியில் சொன்னதற்குத்தான் கமிட்டி முரண்டு பிடிக்கும், "ஒரு மணி நேரம்தானே ஆடினீங்க" என்பார்கள். உங்கள் பதில் எளிது: இந்த ராத்திரியை வேறு யாருக்கும் விற்க முடியாது.

போலீஸ் விஷயத்தில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழா போன்ற நாட்களுக்கு, வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை அரசு தளர்வு தரலாம். விடிய விடிய நடக்கும் நாடகம் இந்த விதி அனுமதிக்கும் நேரத்துக்குள் முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். பல ஊர்களில் கண்டுகொள்வதில்லை, ஆனால் யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் மைக் நின்றுவிடும். மைக் இல்லாமல் ஆயிரம் பேருக்குப் பாட முடியாது. ஆகவே அனுமதி வாங்குவது கமிட்டி பொறுப்பு, அதனால் நின்றால் சம்பளம் குறையாது என்று பேசிவிடுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கிளம்புமுன் போனில் வாங்கிப் பாருங்கள். அதில் எத்தனை மணி என்று இருக்கிறதோ அதற்குத் தக்கபடி பபூன் காமெடியையும் டான்ஸையும் சுருக்கிக் கதையைச் சீக்கிரம் தொடங்கலாம். வழக்கப்படி கதை தொடங்கவே நள்ளிரவு ஆகும். அப்படி விட்டுவிட்டால் வள்ளி தினைப்புனத்துக்கே வந்து சேர மாட்டாள்.

நத்தம் வாசகர்: எழுதி வாங்கினால் "நம்பிக்கை இல்லையா?" என்கிறார்கள்.

பத்திரம் வேண்டாம். பேசி முடித்த கையோடு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போதும்:

"வணக்கம்ணே. மே 26, வைகாசி 12, செவ்வாய் ராத்திரி, விடிஞ்சா புதன். முத்தாலம்மன் பொங்கல், வள்ளி திருமணம், நான் ராஜபார்ட் (வேலன், வேடன், விருத்தன்). சம்பளம் 4,000. அட்வான்ஸ் 1,000 இன்று வந்தது. பாக்கி 3,000-இல் வேஷம் கட்டுமுன் பாதி, யானைக்கு முன் பாதி, உங்கள் கையால். வேன் மாட்டுத்தாவணியில் சாயங்காலம் 6-க்கு. சாப்பாடு கமிட்டி. மழை, கேதம், போலீஸ் என்றால் பேசியபடி. சரிதானேண்ணே?"

"சரி" என்று ஒரு சொல் வந்தால் அது எழுத்து. பார்க்கும்போது மரியாதையாக இருக்கிறது, யாருக்கும் உறுத்தாது. "பேசியபடி" என்பதில் என்ன பேசினீர்கள் என்பதை மறக்காமல் இன்னொரு வரியில் சேர்த்துவிடுவது இன்னும் நல்லது.

தேதியை இரண்டு கணக்கிலும் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊர்க்காரர் தமிழ்த் தேதி சொல்வார், ஏஜெண்ட் இங்கிலீஷ் தேதியாகக் குறித்துக்கொள்வார், "பன்னிரண்டு" என்ற எண் மட்டும் இருவருக்கும் பொதுவாக நிற்கும். அடுத்தது கிழமை. செவ்வாய் ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கிப் புதன் காலை முடிவதை ஒருவர் செவ்வாய் நாடகம் என்பார், ஒருவர் புதன் என்பார். "விடிஞ்சா புதன்" என்று சேர்த்தால் தீர்ந்தது.

ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கி ரசீது எழுதினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடுங்கள். முடிந்தவரை வங்கி வழியாகவே வாங்குங்கள், தேதியும் தொகையும் தானே பதிவாகிவிடும்.

பெயர் சொல்ல விரும்பாத வாசகி, மதுரை: டான்ஸ் வேஷம் போடுகிறேன். மேடையேறி என் உடையில் ரூபாய் நோட்டைக் குத்த வருகிறார்கள். அந்தப் பணமும் என் கைக்கு முழுசாக வருவதில்லை.

இரண்டையும் தேதி பேசும்போதே முடிக்க வேண்டும். "அன்பளிப்பு கொடுப்பவர் மேடையேறக் கூடாது, பபூன் தட்டில் வாங்கி மைக்கில் பெயரைச் சொல்வார்" என்று ஏஜெண்டிடம் சொல்லுங்கள், அவர் கமிட்டியிடம் சொல்ல வேண்டும். நாடகம் தொடங்குமுன் கமிட்டித் தலைவர் வாயாலேயே மைக்கில் அறிவிக்கச் செய்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. ஊர்ப் பெரியவர் சொன்னதை மீற இளவட்டங்கள் யோசிப்பார்கள், உங்கள் பபூன் சொன்னால் சிரித்துவிட்டு ஏறுவார்கள்.

பணம் யாருக்கு? இன்னாருக்கு என்று பெயர் சொல்லிக் கொடுத்தது அவருக்கு. "செட்டுக்கு" என்று கொடுத்தது எல்லாருக்கும், பக்கவாத்தியத்தையும் சேர்த்து. பபூன் அறிவிக்கும்போதே யாருக்கு என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் தகராறு இல்லை. பக்கவாத்தியக்காரர் ஒருவர் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டே வரட்டும். அன்பளிப்பு வரும் என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்துப் பேசினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அது மழையைப் போன்றது, பெய்தால் உண்டு.

உடை மாற்ற மறைப்பும் கதவும் உள்ள இடம், பக்கத்தில் கழிப்பறை, இவையும் சம்பளத்தோடு சேர்த்துப் பேச வேண்டியவை. மேடைக்குப் பின்னால் நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டிவிட்டு அறை என்பார்கள். பள்ளிக்கூடமோ யாராவது ஒருவர் வீடோ கேளுங்கள், ஊரில் கண்டிப்பாக இருக்கும்.

கொட்டாம்பட்டி வாசகர்: "ஸ்பெஷல்" என்ற பெயர் எப்படி வந்தது? அந்தக் காலத்தில் சம்பளம் எப்படி?

கம்பெனி நாடகத்தில் நடிகர் கம்பெனியோடே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, மாதச் சம்பளம் வாங்குவார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் சிறுவர்களை வைத்து நடத்திய அப்படியொரு கம்பெனிதான். கம்பெனியில் கட்டுப்படாமல் ஒவ்வொரு ராத்திரிக்கும் தனித்தனியாக ஆளை அமர்த்தி நடத்துவது ஸ்பெஷல். கதையும் பாட்டும் எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. கம்பெனியில் சோறும் இடமும் சம்பளத்துக்குள் அடங்கின. ஸ்பெஷலில் அவை வெளியே வந்துவிட்டன. மேலே வேன், பூ, சாப்பாடு என்று இத்தனை பேசியது அதனால்தான்.

திருப்புவனம் வாசகர்: சம்பளத்தைக் கூட்டிக் கேட்க எது நல்ல நேரம்?

சீசன் நடுவில் வேண்டாம், ஏற்கெனவே பேசிய தேதிக்கும் வேண்டாம். புரட்டாசி தொடங்கி மார்கழி வரை தேதி குறைவு. அந்த ஓய்ந்த மாதங்களில் ஏஜெண்டுகளை நேரில் பார்த்து, "தை முதல் இவ்வளவுண்ணே" என்று எல்லாரிடமும் ஒரே தொகையைச் சொல்லுங்கள். ஒருவரிடம் 4,000, இன்னொருவரிடம் 3,500 என்றால் ஒரு வாரத்தில் இருவருக்கும் தெரிந்துவிடும், அப்புறம் 3,500-தான் உங்கள் ரேட். பாரம் அதிகமான நாடகத்துக்கு மட்டும் கூட்டுவது எளிது. அரிச்சந்திராவில் ராஜபார்ட்டுக்கு உள்ள பாடும் வேலையை யாரும் மறுக்க மாட்டார்கள்.

பேரையூர் வாசகர்: போன வருஷப் பாக்கி 6,000 ரூபாய். ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை. இனி வருமா?

முதலில் சங்கத்தில் எழுத்து மூலம் பிராது கொடுங்கள். அந்த ஏஜெண்டுக்கு அடுத்த சீசனுக்கும் சங்கத்து ஆட்கள் வேண்டும். கோர்ட்டைவிட அதற்குத்தான் அவர் முதலில் பணிவார். நாடக நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி, அட்வான்ஸ் வந்த வங்கிப் பதிவு மூன்றையும் நகலெடுத்து இணையுங்கள்.

அங்கே முடியாவிட்டால் தாலுகா நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு முடித்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. ஆனால் எதிராளி வந்து உட்கார்ந்தால்தான் பேச முடியும். வழக்கே போடுவதென்றால் பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். பெண் கலைஞர்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

நாடக நோட்டீஸை ஊர் ஊராகச் சேர்த்து ஒரு பைலில் வையுங்கள். 2007-இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்திலோ வேறு எங்கோ நீங்கள் கலைஞர்தான் என்று காட்ட வேண்டி வரும்போது, உங்கள் படமும் பெயரும் வேஷமும் தேதியும் ஒரே தாளில் இருப்பது அதில் மட்டும்தான்.